வெளுத்துப்போன சோடனை

முதலில் நாய்தான் வந்தது.

பக்கத்து வீட்டு வெள்ளை நாய் அது. மழைக்காலம் வந்தால் எங்கள் விறாந்தைதான் அதற்குச் சொந்த ஊர். அன்றைக்கும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு உள்ளே ஏறி, நிலத்தில் நாங்கள் பரப்பி வைத்திருந்த நத்தார் வாழ்த்து மட்டைகளுக்கு நடுவால் ராசா மாதிரி நடந்து போனது. போன வழியெல்லாம், மட்டைகளிலும்கூட, றோஸ் நிறத்தில் கால் அடையாளம்.

என் மச்சாள் ரீற்றா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"மச்சாள், அதுக்குக் காலில என்ன? ரத்தமா?"

நான் நாயைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தேன். காயம் ஒன்றும் இல்லை. மணந்தும் பார்த்தேன், ஈர நாயின் மணம்தான்.

"எங்கயோ பெயின்டுக்குள்ள காலை வச்சிட்டு வந்திரிக்கு, சனியன்" என்று அதை வெளியே துரத்தினேன்.

அந்த நேரம் ஒரு எட்டு வெளியே போய் வாசல் கடப்படியில் நின்று ஒழுங்கையைப் பார்த்திருந்தால் இந்தக் கிழமைப் பத்தியில் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. நான் பார்க்கவில்லை. துணியை நனைத்துக்கொண்டு நிலத்தைத் துடைக்கப் போய்விட்டேன்.

போன கிழமை தபால் கந்தோருக்குள் வௌவால் புகுந்த கதையை எழுதியதற்கு, "எப்பவும் கந்தோர்க் கதைதானா, வீட்டில ஒண்டும் நடக்கிறதில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தா. நடக்கிறது அம்மா. இது வீட்டுக் கதை. நடந்து கனகாலமும் ஆகவில்லை.

பாரமான ஆள்

எங்கள் வீடு புளியந்தீவில் ஒரு ஒழுங்கையின் கடைசி வீடு. அதற்கு அங்கால் வாவிதான். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. ஒன்றில் நான், தபால் கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற தனிக்கட்டை. மற்றதில் என் தம்பி அன்ரனும் அவன் மனைவி ரீற்றாவும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்ரன் வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற பெரிய போட்டுகளில் இஞ்சின் பார்க்கிறவன். போனால் கிழமைக்கணக்கில் வரமாட்டான்.

மார்கழி பிறந்து கிறிஸ்மஸ் கிட்டினால் ரீற்றாவும் நானும் கடதாசிக்குள் இறங்கிவிடுவோம். நட்சத்திரம், மணி, தொங்கவிடுகிற உருண்டை, வாழ்த்து மட்டை எல்லாம் கையால் செய்வோம். கோயில் வாசலில் ஒரு மேசை போட்டு விற்பார்கள். மிச்சத்தை உறவுக்காரருக்கு அனுப்புவோம்.

கைவேலையில் ரீற்றா கெட்டிக்காரி. ஈர்க்கிலை ஒடித்து மாட்டுக்கொட்டில் கட்டுவாள். முட்டைக்கோதை நொறுக்கி ஒட்டி நிறம் பூசிப் பாலன் ஜேசு கிடக்கிற வைக்கோல் ஆக்குவாள். வாவிக்கரையில் பொறுக்கின சின்னச் சிப்பியை இரண்டாய் வைத்துச் வானதூதச் சம்மனசுக்குச் செட்டை ஆக்குவாள். நான் வெட்டுகிற வேலைக்கும் குறை சொல்லுகிற வேலைக்கும் பொறுப்பு.

வேறு தேசங்களில் நத்தாருக்குப் பனி கொட்டுமாம். எங்களுக்கு வானமே ஒழுகும். கடதாசி வேலைக்கு இதைவிடப் பொருத்தம் இல்லாத மாதம் ஒன்றைக் கடவுள் படைக்கவில்லை. ஒட்டுகிற கம் காயாது. பிறிஸ்டல் போட் மட்டையை மடித்து வைத்தால் காலையில் அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கும். மினுக்கத் தூள் மட்டும் நன்றாய் ஒட்டும், அதுவும் மட்டையில் இல்லை, எங்களில். தைப்பொங்கல் புக்கைக்குள்ளும் மினுக்கம் எடுத்திருக்கிறோம்.

இந்த வளைவுக்கு மருந்து கண்டுபிடித்தது ரீற்றாதான், அதுவும் தற்செயலாய். ஒரு வருசம் கூரை ஒழுகுதென்று, செய்த மட்டைகளையெல்லாம் அள்ளி மெத்தைக்குக் கீழே தள்ளியிருந்தாள். விடியப் பார்த்தால் அவள் படுத்த பக்கத்து மட்டைகள் அப்படியே வளைந்து கிடக்க, அன்ரன் படுத்த பக்கத்து மட்டைகள் அச்சுக்கூடத்தால் வந்த மாதிரி நேராய் இருந்தன. தம்பி நல்ல பாரமான ஆள். சாப்பாட்டில் அவனுக்கு வஞ்சகம் இல்லை.

அன்றிலிருந்து மார்கழி மாதம் எங்கள் மட்டைகளெல்லாம் இரவில் அன்ரனுக்குக் கீழேதான். "நான் என்ன மனிசனா, இல்ல இஸ்திரிக்கைப் பெட்டியா?" என்று தினமும் முறைப்பாடு சொல்லிக்கொண்டு படுப்பான். ஆனால் மார்கழியில் கடலுக்குப் போகாமல் இருக்க ஒரு சாட்டும் அவனுக்குக் கிடைத்தது. "வீட்டில எனக்கு வேலை இரிக்கு" என்று முதலாளிக்குச் சொல்லுவானாம். என்ன வேலை என்று மட்டும் சொல்லமாட்டானாம்.

அந்த வருசம் சாட்டு எடுபடவில்லை. நத்தாருக்கு முதல் ஒரே ஒரு பயணம் என்று முதலாளி கெஞ்சிக் கேட்டார். போய்விட்டான்.

அந்தப் பக்கம் ஒன்றும் வேண்டாம்

அவன் போன பிறகுதான் புயல் வந்தது.

புயலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரன்ட் போனது, போன் டவரும் செத்தது. றோட்டுகள் வெள்ளத்துக்குள் போயின. பிறகு கரன்ட் வந்தது, றோட்டும் ஒவ்வொன்றாய் வந்தது. எங்கள் பக்கத்து டவர் மட்டும் வரவில்லை. வாழைச்சேனைக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். மற்ற போட்டுகளெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. அன்ரன் போன போட்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அயலில் ஆட்கள் எங்களைக் கண்டால் குரலைத் தாழ்த்திக் கதைக்கத் தொடங்கினார்கள். நல்ல மனசோடுதான். ஆனால் அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு வீட்டிலிருந்து சோறு சமைத்துக்கூட அனுப்பினார்கள். செத்த வீட்டுக்குத்தான் அயலார் சோறு கொடுப்பது. ரீற்றா சட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. "எங்கட குசினியில அடுப்பு எரியுது எண்டு சொல்லிக் குடுத்திட்டு வாங்க மச்சாள்" என்றாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது கொஞ்சம் வாயும் காட்டினேன்தான்.

அவள் மட்டை செய்வதை நிறுத்தவில்லை. ஒவ்வொன்றிலும் உள்ளே வாழ்த்து எழுதி, கீழே வழமைபோல "அன்ரன், ரீற்றா" என்று இரண்டு பேரின் பேரையும் எழுதினாள். அவனுடைய பேரை எழுதும்போது அவள் பேனா நிற்குமோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. அவனுடைய பேர்தான் முதல்.

ஆனால் மட்டைகள் வளைந்தன. மெத்தைக்குக் கீழே அவனுடைய பக்கத்தில்தான் வைத்தாள். பாரம் இல்லாமல் எப்படி நேராகும்? விடிய விடிய எடுத்துப் பார்ப்பாள், வளைந்துதான் கிடக்கும்.

"அரிசி மூட்டை ஒண்டைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவமா?" என்று கேட்டேன். உதவியாய்த்தான் கேட்டேன்.

ரீற்றா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"அந்தப் பக்கம் ஒண்டும் வைக்க வேணாம் மச்சாள்."

மறுகா நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளுக்குப் புருசன். எனக்கு அவன் தம்பி, நான் இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்தவன்.

பாலத்தடியில் எரிந்த நட்சத்திரம்

நத்தார்ச் சாமான் என்றாலே எனக்குள் ஒரு பயமும், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஆறுதலும் இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. இடையில் அதைச் சொல்லிவிட்டு வருகிறேன், இல்லாவிட்டால் அயத்து, மறந்துபோவேன்.

பிரச்சினைக் காலம், யுத்தம் நடந்த காலம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கல்லடியில் ஒரு சிநேகிதி வீட்டில் இருந்து நட்சத்திரம் ஒன்று செய்துகொண்டு சைக்கிளில் பாலத்தால் வாறேன். வெறும் நட்சத்திரம் இல்லை. உள்ளே பல்ப், பல்ப்பிலிருந்து வயர், வயர் முடிகிற இடத்தில் பெரிய பற்றறிகள். எல்லாவற்றையும் வடிவாய்ப் பழைய துணியால் சுற்றி வேறு வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் வயரையும் பற்றறியையும் துணியால் சுற்றிக்கொண்டு சோதனைச் சாவடிக்குப் போகிற அளவுக்கு ஒரு மூளை.

ஆமிக்காரன் துணியை விரித்தான். முகம் மாறிவிட்டது. துவக்கு என் பக்கம் திரும்பியது. இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. நான் விரலால் வானத்தைக் காட்டுகிறேன், நெஞ்சில் சிலுவை போடுகிறேன், "ஜேசு, ஜேசு" என்கிறேன்.

கடைசியில் அவர்களில் மூத்தவன் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, "பத்து கரண்ட" என்றான். எரிய வை என்கிறான். வயரைப் பற்றறியில் தொட்டேன். எரியவில்லை. பற்றறி ஒன்று தலைகீழாய் இருந்திருக்கிறது. அதைக் கழற்றித் திருப்பிப் போட்ட நேரம்தான் என் ஆயுளில் நீளமான நேரம். மறுகா எரிந்தது. பகல் வெளிச்சத்தில் மஞ்சளாய், லேசாய் எரிந்தது. அந்த ஆமிக்காரன் சிரித்தான். "லஸ்ஸனய்" என்றான், வடிவாம்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன். அப்போது சின்னப் பெடியனாய் இருந்த அன்ரன் பக்கத்தில் நின்று, "அக்கா, எனக்கும் ஒருக்கா எரிச்சுக் காட்டுங்க" என்று நின்றான். அவனுக்கு நட்சத்திரம்தான் கதை.

சாயம் போகாது

ஒழுங்கைச் சோடனைக்கு வருவோம்.

ஒவ்வொரு நத்தாருக்கும் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கொடிச் சோடனை கட்டுவது வழக்கம். மெயின் றோட்டு முடக்கில் தொடங்கி எங்கள் கடப்படியில் முடியும். முந்தின வருசம் வரைக்கும் பொலித்தீன்தான். அது பிய்ந்து பிய்ந்து வாவிக்குள் போய் விழுவதைப் பார்த்துவிட்டுப் பாதர், "இந்த முறை பொலித்தீன் ஒண்டும் வேணாம், கடதாசியில செய்யுங்க" என்று கோயிலில் சொல்லிவிட்டார். நல்ல எண்ணம்தான். பாதர் மேடையில் நின்று வாவியை யோசித்தார், மழையை யோசிக்கவில்லை.

ரீற்றாவும் நானும் பஸாரில் ஒரு கடைக்குப் போய்க் கிரேப் கடதாசி வாங்கினோம். சுருக்கம் விழுந்து துணி மாதிரி இழுபடுமே, அதுதான். சிவப்பும் றோஸும்.

"நானா, இது சாயம் போகாதோ?" என்று முஸ்லிம் கடைக்காரரைக் கேட்டேன்.

"போகாது டீச்சர். நம்பிக் கொண்டு போங்க."

நான் டீச்சர் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் கைப்பையும் மூக்குக்கண்ணாடியும் வைத்திருக்கிற பெண் எல்லாம் டீச்சர்தான். திருத்தப் போனால் பொழுது போய்விடும்.

முக்கோணமாய் வெட்டி வெட்டி நூலில் ஒட்டினோம். அது பெரிய வேலை இல்லை. கட்டுவதுதான் பெரிய வேலையாய்ப் போனது. அயலில் ஒரு பேச்சு எழும்பியது. அந்த வீட்டில் இப்படி இருக்கிற நேரம் சோடனை கட்டலாமா? செத்த வீடு என்றால் அந்த வருசம் நத்தார் கொண்டாடுவதில்லை. இவர்கள் செத்த வீடா, இல்லையா? யாருக்கும் தெரியாது. கடைசியில் ஒருத்தர் வந்து மரியாதையாய்ச் சொன்னார், உங்கள் வீட்டு முன்பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் கட்டுவோமா என்று.

ரீற்றா கதிரையைத் தூக்கிக்கொண்டு கடப்படிக்குப் போனாள். மேலே ஏறி நின்றாள்.

"முதல் முடிச்சு இஞ்சதான். நூலைத் தாங்க மச்சாள்."

நான் கொடுத்தேன். அன்று பின்னேரம் வெயில்கூட எறித்தது. வளவுக்குள் இருந்து பார்த்தால் ஒழுங்கை முழுக்கச் சிவப்பும் றோஸுமாய் ஆடியது. ரீற்றா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். அந்தக் கிழமையில் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்தைக் கண்டது அப்போதுதான்.

அன்றிரவு மழை தொடங்கியது. அடுத்த நாள் மத்தியானம் வரை விடவில்லை. ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. மழை விட்ட கையோடுதான் நாய் வந்தது.

பெரியம்மா வந்தா

நிலத்தைத் துடைத்துவிட்டுத் துணியைப் பிழிகிறேன், வெளியில் சத்தம் கேட்டது. முதலில் ஓட்டோ சத்தம். அதற்கு மேலால் ஒரு பெண்ணின் குரல்.

"என்ட ராசா... கடலுக்குப் போன என்ட கிளியே... உன்னைத் தின்னவோ அந்தக் கடல் பசிச்சுக் கிடந்திச்சு..."

அது செங்கலடிப் பெரியம்மா. எங்கள் அம்மாவின் அக்கா. சாவீட்டுக்கு முதல் ஆளாய்ப் போய்க் கடைசி ஆளாய்த் திரும்புகிறவ. ஒப்பாரியில் அவவை வெல்ல அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. கூட வந்த இரண்டு பெண்களும் நெஞ்சில் அடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

ரீற்றா எழும்பினாள். மடியில் இருந்த மட்டைகள் எல்லாம் கொட்டின. பெரியம்மா ஓடி வந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "போயிட்டானே, உன்னை விட்டிட்டுப் போயிட்டானே" என்று கதறினா.

எனக்குக் காது அடைத்துவிட்டது. பெரியம்மாவுக்குத் தகவல் வந்துவிட்டது என்று நினைத்தேன். செங்கலடிப் பக்கம் டவர் வேலை செய்கிறது, வாழைச்சேனைக்கும் அது கிட்ட, அங்கேதான் முதலில் சொல்லியிருப்பார்கள். என் தம்பி செத்துப்போனான் என்று நான் நம்பினேன்.

ரீற்றா அழவில்லை. பெரியம்மாவின் தோளுக்கு மேலால் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"பெரியம்மா, ஆள் கிடைச்சிட்டாரா?"

பெரியம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்றது.

"அதை என்னட்டக் கேக்காய்? உங்களுக்குத்தானே தெரியும்."

"எங்களுக்கு ஒண்டும் தெரியா."

"தெரியாட்டி என்னத்துக்குக் கொடி கட்டியிரிக்கீங்க?"

"என்ன கொடி?" என்று நான் கேட்டேன்.

"என்ன கொடியா? உங்களை விசாரிச்சிட்டுப் போவம் எண்டு வந்தா றோட்டு முடக்கிலயிருந்து உங்கட கடப்படி வரைக்கும் வெள்ளைக் கொடி தொங்குதே மனே. அதைப் பாத்துத்தானே எனக்கு ஈரல் பத்திச்சு."

நான் செருப்பும் போடாமல் வெளியே ஓடினேன்.

எங்கள் ஊரில் செத்த வீட்டுக்கு வழி காட்ட வெள்ளைக் கொடி கட்டுவார்கள். மெயின் றோட்டில் தொடங்கி அந்த வீட்டுக் கடப்படியில் முடியும். நாங்கள் கட்டிய சோடனையும் அதே வழியால்தான் வந்தது. சிவப்பும் இல்லை, றோஸும் இல்லை. சாயம் முழுக்க இறங்கி, ஒவ்வொரு முக்கோணமும் வெள்ளையாய் ஈரத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. ஒழுங்கையோரக் கானுக்குள் செந்தண்ணீர் ஓடியது. நாய் அதற்குள் நின்று குடித்துக்கொண்டிருந்தது.

எனக்குள் எழும்பியது சிரிப்பா, அழுகையா, பெரியம்மாவின் கழுத்தை நெரிக்க வேண்டும் என்ற ஆசையா, எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய்ச் சொன்னேன்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. சாயம் போயிட்டு. அவ்வளவுதான். பெரியம்மா எங்கட சோடனையைப் பாத்திட்டுத்தான் அழுதிரிக்கா."

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவன் சாகல்லையா?" என்றா. குரலில் கொஞ்சம் குறை இருந்த மாதிரித்தான் எனக்குப் பட்டது. கோபத்தில் அப்படிப் பட்டிருக்கலாம்.

ரீற்றா சிரிக்கவில்லை. அவள் முகம் கடதாசியை விட வெளுத்திருந்தது.

"கழட்டுங்க மச்சாள். ஒண்டும் விடாமக் கழட்டுங்க."

மதகில் இருந்த ஆள்

கடப்படி முடிச்சிலிருந்து தொடங்கி நூலை இழுத்து இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டு ஒழுங்கையால் போனேன். ஈரக் கடதாசி கையில் கூழாய் ஒட்டியது. பின்னால் வீட்டுக்குள் பெரியம்மாவும் கூட வந்தவர்களும் இன்னும் மூக்குச் சீறும் சத்தம் கேட்டது. தொடங்கிய அழுகையை உடனே நிப்பாட்ட அவர்களுக்கு ஏலாதாம். நான் கடைக்காரரைத் திட்டினேன். பாதரை, மனதுக்குள்தான், திட்டினேன். முதலாளியையும் மழையையும் திட்டினேன். தம்பியை ஏனோ திட்ட வாய் வரவில்லை.

ஒழுங்கை முடக்கில் ஒரு மதகு இருக்கிறது. அதில் ஒரு ஆள் தலையைக் கைக்குள் வைத்துக்கொண்டு குனிந்து இருந்தான். தாடி. அளவில்லாத ஒரு சேட்டு. காலடியில் ஒரு சொப்பிங் பை. குடிகாரன் யாரோ என்று நினைத்து, கடைசி முடிச்சை அவிழ்க்க அவனுக்குப் பக்கத்தில் போய்க் கையை உயர்த்தினேன்.

ஆள் தலையைத் தூக்கினான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"ஆரக்கா?" என்றான்.

அன்ரன்.

என் கையிலிருந்த நூல்பந்து விழுந்து உருண்டது. அவன் மறுபடி கேட்டான், என் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு.

"சொல்லுங்கக்கா. ரீற்றாவா? ஆரு செத்த?"

"நீதாண்டா மனே" என்றேன்.

அவனுக்குப் பக்கத்தில் மதகில் இருந்துவிட்டேன். அவனுடைய கையைப் பிடித்துப் பார்த்தேன், சுட்டது, உப்பால் சொரசொரவென்று இருந்தது. உயிருள்ள கை. கடவுளே, அந்த நேரம் எனக்கு வந்த நிம்மதியை எழுத எனக்குத் தமிழ் காணாது.

இஞ்சின் பழுதாகி, புயலுக்குள் போட் இழுபட்டு எங்கேயோ போயிருக்கிறது. வேறொரு போட் கண்டு திருகோணமலையில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. போன் கடல் தண்ணீருக்குள் ஊறிவிட்டது. யாரோ நல்ல மனிசர் தன் போனைக் கொடுத்து வீட்டுக்கு அடிக்கச் சொல்லியிருக்கிறார். அன்ரனுக்கு மனப்பாடமாய்த் தெரிந்த ஒரே நம்பர் அவனுடைய சொந்த நம்பர்தான். முதலாளிக்கு அங்கிருந்து தகவல் போய், அவர் ரீற்றாவுக்கு அடித்து அடித்துப் பார்த்தும் டவர் இல்லாமல் கிடைக்கவில்லை. இவன் பஸ் பஸ்ஸாய் மாறி, றோட்டு இருந்த வழியெல்லாம் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறான்.

"பஸ்ஸால இறங்கி வரக்குள்ள சந்தோசமாத்தானக்கா வந்தன்" என்றான். "முடக்குல நிமிந்து பாத்தன். வெள்ளைக் கொடி. ஆருட வீட்டுக்கு எண்டு பாத்தா நேரா எங்கட கடப்படிக்குப் போகுது. அதோட பெரியம்மாட சத்தமும் கேட்டுது. மறுகா எனக்குக் காலெடுத்து வைக்க ஏலல்ல."

சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"கடலுக்குள்ள கிடக்கக்குள்ளயும் நான் இப்பிடிப் பயப்படல்லக்கா."

நாங்கள் அத்தனை நாளாய்ப் பட்டதை அவன் அந்த மதகில் இருந்து பட்டிருக்கிறான். நான் அவனுடைய தலையில் ஒரு குட்டு வைத்தேன். பிறகு எழும்பினோம்.

இஸ்திரிக்கைப் பெட்டி

அவன் கடப்படிக்குள் வந்ததும் பெரியம்மாவுடன் வந்த பெண்களில் ஒருத்தி "ஐயோ" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பெரியம்மா மட்டும் சட்டென்று சமாளித்துவிட்டா. "உயிரோட இரிக்கிறவனுக்கு ஒப்பாரி வச்சா ஆயுசு கூடும் எண்டு சும்மாவா சொன்னவங்க? நான் பாடினபடியாத்தான் வந்து சேந்திரிக்கான்" என்றா. இன்றைக்கும் செங்கலடியில் அப்படித்தான் சொல்லித் திரிகிறா. சொல்லட்டும்.

ரீற்றா விறாந்தைப் படியில் நின்றாள். அவன் கிட்ட வந்ததும் அவனுடைய சேட்டுக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"இது ஆருட சேட்டு?"

"திருகோணமலையில ஒரு ஆள் தந்த."

"ஒரு பொத்தானும் இல்ல" என்றாள். அவ்வளவுதான், அந்தப் படியிலேயே இருந்து அழத் தொடங்கினாள். அத்தனை நாளும் அழாத அழுகை. அன்ரன் பக்கத்தில் இருந்து அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு, "இரிக்கன்தானே, இரிக்கன்தானே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஒழுங்கையில் அந்த நத்தாருக்குப் பழைய சாறிகளின் கரைத்துண்டுகள்தான் தொங்கின. அயலார் ஒவ்வொருத்தரும் வீட்டில் கிடந்ததைக் கிழித்துக்கொண்டு வந்து தந்தார்கள். சோறு அனுப்பிய வீட்டிலிருந்து பச்சைச் சாறி ஒன்று முழுசாய் வந்தது. கடைக்காரரிடமும் போனேன், சண்டை பிடிக்கத்தான் போனேன். "மழைக்குள்ள கொண்டுபோய்க் கட்டுவீங்கண்டு எனக்கென்ன தெரியும் டீச்சர்?" என்றார். நடந்ததைச் சொன்னதும் எழும்பி நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, என்னை இருத்திக் குடிக்க ஒரு பிளேன்டியும் தந்தார். சண்டை பிடிக்க முடியாமல் போய்விட்டது.

அவன் வந்த அன்று பின்னேரம், குளித்து, சாப்பிட்டு, மறுபடியும் சாப்பிட்டு, பெரியம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து அன்ரன் எங்களோடு விறாந்தையில் இருந்தான். நாய் மட்டைகளில் வைத்த றோஸ் அடையாளத்தைப் பார்த்துச் சிரித்தான். ஒரு மட்டையை எடுத்து, உள்ளே தன் பேரும் அவளுடைய பேரும் இருந்ததைப் பார்த்தான். மட்டை அவன் கையிலேயே வளைந்தது.

ரீற்றா அதைப் பறித்து, நிலத்தில் கிடந்த மற்ற மட்டைகளோடு சேர்த்து அள்ளிக்கொண்டு அறைக்குள் போனாள். மெத்தையைத் தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாசலில் வந்து நின்றாள். கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

"ஒண்டும் நேராகல்ல. எல்லாம் வளைஞ்சு போய்க் கிடக்கு" என்றாள். "போய்ப் படுங்க."

அன்ரன் எழும்பினான். "இஸ்திரிக்கைப் பெட்டி வந்திட்டுது" என்று எனக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

விடிய ரீற்றா மட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நேராய் இருந்தது.